பதினோரு வருடம் நின்ற மோரிஸ் மைனர்: சாவியைத் தொடும் முன் எஞ்சினைச் சோதிப்பது எப்படி

ஜெலுத்தோங்கில் மாமா வீட்டுப் போர்ச்சில் பதினோரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது அந்த மோரிஸ் மைனர். புது பேட்டரி வாங்கி மாட்டி, ஐந்து லிட்டர் ரோன் 95 பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருகினேன். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றியது. உள்ளே எங்கேயோ ‘டக்’ என்றது. அந்த ஒரு ‘டக்’குக்கு நான் கொடுத்த விலை, வளைந்துபோன ஒரு புஷ்ராடும் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) இரண்டு வார வேலையும்.

பக்கத்தில் நின்ற ஃபோமன் அண்ணன் (பினாங்கில் மெக்கானிக்கை ஃபோமன் என்றுதான் சொல்வோம்) திட்டவில்லை. “தம்பி, சாவிய எடுத்து உங்க மாமாகிட்ட குடுத்துரு. நான் கேக்குறப்ப வாங்கிக்கலாம்” என்றார். அதன் பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்ய அவர் சாவியைக் கேட்டது ஒன்பதாவது நாள்.

அந்த ஒன்பது நாளில் நான் கற்றதைத்தான் எழுதுகிறேன். ஓடித் தேய்ந்த எஞ்சின் வேறு, நின்று கெட்ட எஞ்சின் வேறு. ஓடுகிற காரில் பேரிங், ரிங், கியர் என்று உரசும் இடங்கள் தேயும். நிற்கிற காரில் துரு ஏறும், பெட்ரோல் பிசினாகும், ரப்பர் காயும், செம்பும் பித்தளையும் களிம்பு பிடிக்கும். நின்ற காரைப் பார்க்கும்போது ‘எது தேய்ந்திருக்கும்’ என்று யோசிக்காமல், ‘எது ஒட்டியிருக்கும், எது அடைத்திருக்கும்’ என்று யோசிக்க வேண்டும். பினாங்கில் கடல் காற்றும் வருடம் முழுக்க ஈரமும் இருப்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும். தார்ப்பாய் காரைக் காக்கும் என்று நம்புகிறோம். மழையை அது தடுக்கும்தான். ஆனால் சிமெண்டுத் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாமாவின் கார் 1098 சிசி எஞ்சின் கொண்டது. 1962க்குப் பிறகு வந்த மைனர்களில் இதுதான். அதற்கு முந்திய 948 சிசி எஞ்சினுக்கும் கீழே சொல்வது பொருந்தும். டட்சன் 120ஒய், கொரோலா வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் நாள்: கண்ணும் மூக்கும்

பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் காரின் ஏர் ஃபில்டருக்குள் எலிக் கூடு. புகைக் குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. இது சிரிக்கிற விஷயமில்லை. புகைக் குழாய் அடைத்திருந்தால் எஞ்சின் பற்றிக்கொண்டு சில நொடியில் மூச்சுத் திணறி நின்றுவிடும். நீங்கள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு இருப்பீர்கள். ஒரு நீளக் கம்பியை விட்டுப் பாருங்கள். எலி கடித்த ஒயர்களையும் இப்போதே தேடுங்கள்.

பிறகு ஆயில் குச்சி. அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கோட்டுக்கு மேலே ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கியிருக்கிறது. 120ஒய் போல எஞ்சினிலேயே பெட்ரோல் பம்ப் பொருத்திய கார்களில் பம்ப்பின் ரப்பர் கிழிந்தால் இப்படி ஆகும். மைனருக்கு மின்சார பம்ப் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. குச்சி சாதாரணமாகத் தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். சம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிட கனம். அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். எங்களுக்கு ஒரு தேக்கரண்டி அளவு வந்தது. அந்த அளவு காற்றின் ஈரம்தான். அரை கோப்பைக்கு மேல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் எஞ்சின் உடலான பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) பிளாக்கையோ சந்தேகிக்க வேண்டும்.

பழைய ஆயிலை வடித்து, புதிய ஃபில்டரும் புது ஆயிலும் போடுங்கள். இந்த ஆயில் கழுவுவதற்குத்தான், விலை குறைந்ததே போதும். ரேடியேட்டர் ஹோஸ்களை விரலால் அழுத்துங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் மாற்றுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகளில் துருக்கண்ணீர் வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

1985இல் வந்த முதல் புரோட்டான் சாகாவும் இப்போது பழைய கார் வரிசைக்கு வந்துவிட்டது. அதில் டைமிங் பெல்ட் இருக்கிறது, ரப்பர். பல வருடம் நின்றிருந்தால் எஞ்சினைச் சுற்றும் முன்பே பெல்ட்டை மாற்றிவிடுங்கள். மைனருக்குச் செயின்தான்.

கையால் சுற்றுவது

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் பத்து மில்லி எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் நன்றாக இறங்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு. அவசரமில்லை என்றால் மெல்லிய எஞ்சின் ஆயிலே போதும்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். துருப்பிடித்த பிளக் எந்த சிலிண்டருடையது என்பது பின்னால் தேவைப்படும். நாலு சிலிண்டர் எஞ்சினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதோ ஒரு வால்வு திறந்தபடிதான் நிற்கும். அந்த சிலிண்டர் மட்டும் பதினோரு வருடமும் வெளிக்காற்றைச் சுவாசித்துக்கொண்டு இருக்கும். மற்ற மூன்றும் நன்றாக இருக்க ஒன்று மட்டும் துருப்பிடிப்பது இதனால்தான். எங்கள் காரில் அது மூன்றாம் சிலிண்டர்.

இரண்டு நாள் கழித்து, மைனரின் முன்பக்க ஓட்டையில் சுற்றுக் கம்பியை விடுங்கள். கியர் நியூட்ரல், சாவி காரில் இருக்கக் கூடாது. கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் தப்பும். கம்பி இல்லாத கார் என்றால் நாலாம் கியரில் போட்டு, பின் சக்கரத்தை உயர்த்தித் தாங்கி மேல் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றலாம்.

இழுக்கும்போது கை சொல்லும். கொழகொழவென்று சமமாகப் போனால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் மென்மையாகத் தடுத்து, பின் விட்டால் ரிங் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள். கல்லில் மோதுவது போல் சட்டென்று நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். பலம் போடக் கூடாது. அந்த இடத்தில் வேலை கைக்கு இல்லை, கண்ணுக்குத்தான்.

வால்வு மூடியைத் திறங்கள்

நான் தவிர்த்து, பிறகு அழுத படி இது. ராக்கர் (வால்வை அழுத்தும் கை) மூடி இரண்டு நட்டில் இருக்கிறது. கழற்ற ஐந்து நிமிடம். ஒருவர் கம்பியைச் சுற்ற, இன்னொருவர் எட்டு வால்வும் இறங்கி ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வால்வும் இறங்கிய வேகத்திலேயே ஏற வேண்டும். ராக்கர் ஏறிவிட்டு வால்வு மட்டும் கீழேயே நின்றால், அது வழிகாட்டிக் குழாயில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

முன்பக்கத்திலிருந்து எண்ணினால், இந்த எஞ்சினில் வால்வுகளின் வரிசை (‘வெளி’ புகை வால்வு, ‘உள்’ பெட்ரோல் காற்று வால்வு): வெளி, உள், உள், வெளி, வெளி, உள், உள், வெளி. எங்கள் காரில் ஐந்தாம் வால்வு, அதாவது மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வு, பாதி திறந்த நிலையில் துருப்பிடித்து நின்றிருந்தது. நான் ஸ்டார்ட்டரால் சுற்றியபோது கேம் (வால்வுகளை இயக்கும் சுழல் தண்டு) அதை இன்னும் அழுத்தியது. வால்வு அசையவில்லை, புஷ்ராடு வளைந்தது. ‘டக்’கின் கதை அவ்வளவுதான். கையால் சுற்றியிருந்தால் கையில் தெரிந்திருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அந்தப் பதம் தெரியாது.

ஒட்டிய வால்வின் தண்டில் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். எங்களுக்கு மூன்று மாலை ஆனது. வளைந்த புஷ்ராடைக் கண்டுபிடிப்பது சுலபம்: கண்ணாடி மேல் உருட்டினால் வளைந்தது தத்தித் தத்தி ஓடும். ராக்கர் தண்டை முழுதாகக் கழற்ற நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள். அதைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுகள் சில ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஆகவே ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஹெட் முறுக்கிக்கொள்ளும்.

மூடி திறந்திருக்கும்போதே இடைவெளியையும் சரி செய்துவிடலாம். குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். எந்த வால்வை எப்போது பார்ப்பது? ஒன்பது கணக்கு: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, நான்கு திறந்திருக்கும்போது ஐந்து. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

ஆயில் ஏறுகிறதா?

பிளக்குகள் இன்னும் வெளியேதான். காயில் (பிளக்குக்கு உயர் மின்சாரம் தரும் சுருள்) ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, இப்போதுதான் ஸ்டார்ட்டரைத் தொடலாம்.

அதற்கு முன் பேட்டரி. பழைய மைனர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணையும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். ஆனால் இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பழைய பேட்டரி ஒயர்களைக் கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி நல்லது, ஆனாலும் ஸ்டார்ட்டர் முனகுகிறதா? மல்டிமீட்டரின் ஒரு முனையை உடலோடு சேரும் பேட்டரி முனையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி ஸ்டார்ட்டர் இல்லை, எர்த் பட்டை. ஸ்டார்ட்டரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்த எத்தனையோ பேருக்கு, பட்டையைச் சுரண்டி மாட்டியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

பத்து நொடி சுற்றி, அரை நிமிடம் விட்டு, மறுபடி சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைய வேண்டும். மொத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்றியும் அணையவில்லை என்றால் நிறுத்துங்கள். பல வருடம் நின்ற பம்ப் வறண்டு, உறிஞ்சும் சக்தியை இழந்திருக்கும். ஆயில் குழாயின் இணைப்பைக் கழற்றி, ஆயில் கேனால் உள்ளே ஊற்றி, எஞ்சினைக் கையால் பின்பக்கமாக இரண்டு சுற்று சுற்றினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ‘ஸ்டார்ட் ஆனதும் ஆயில் வந்துடும் லா’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆயில் இல்லாமல் ஓடும் அந்த அரை நிமிடத்தில் பேரிங் போய்விடும்.

கம்ப்ரெஷன்: எண்ணை நம்புங்கள், உடனே தீர்ப்பு எழுதாதீர்கள்

கம்ப்ரெஷன் கேஜை (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கருவி) வாங்கத் தேவையில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தவுக்கே (முதலாளி) பழக்கம் என்றால் இரவல் கொடுப்பார். நான்கு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் தரையோடு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. நல்ல நிலையில் இந்த எஞ்சின் 150 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டும். எங்களுக்கு வந்தது 120, 125, 35, 118.

குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் நன்றாக ஏறினால், ஆயில் ரிங்கின் சந்தை அடைத்திருக்கிறது. எனவே ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட். எங்கள் 35 ஆயில் விட்ட பிறகு 40 ஆனது. வால்வுதான்.

பல ஃபோமன்கள் இந்த இடத்தில் ஹெட்டை இறக்கச் சொல்வார்கள். ஓடிக்கொண்டிருந்த காருக்கு அது சரியான தீர்ப்பு. நின்ற காருக்கு அவசரத் தீர்ப்பு. வால்வு உட்காரும் இடத்தில் படிந்த மெல்லிய துரு, எஞ்சின் ஓட ஓட தானே அடிபட்டுத் தெளியும். ஒட்டிய ரிங்கும் சூட்டில் இளகும். மற்ற மூன்று சிலிண்டரில் எஞ்சின் ஓடும் என்றால், முதலில் ஓடவிட்டு, பிறகு மறுபடி அளந்து, அதன் பின் முடிவு செய்யுங்கள். பூஜ்யமே காட்டினால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

பொறி

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் உறுப்பு) திறந்து மூடும் மின்தொடர்பு. அதன் முகத்தில் கண்ணுக்கே தெரியாத களிம்பு படியும். அதுவே மின்சாரத்தைத் தடுக்கப் போதும். நின்ற காரில் பொறி வராததற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரிலும் மறுமுனையை உடலிலும் வைத்து, சாவி போட்டு, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடினாலும் தொடவில்லை: களிம்பு. எரியவே இல்லை என்றால் மின்சாரம் காயிலைத் தாண்டவில்லை, அல்லது கண்டென்சர் (பாயிண்டோடு சேர்ந்த சிறு மின்தேக்கி) எர்த் ஆகிவிட்டது. கண்டென்சரைக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக்குக்கு 0.025. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் முடி போல கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் ஈரத்தில் வழி தவறிப் போகிறது, மூடியை மாற்றுங்கள். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் இடஞ்சுழி. பொறியை பிளாக்கில் பிளக்கை வைத்துப் பார்க்கும்போது நீலமாக, சத்தத்தோடு பாய வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டென்சரையோ காயிலையோ மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று கடைசி வரை தெரியாது.

பெட்ரோல்: பம்ப்பின் ‘டிக்’கைக் கேளுங்கள்

பழைய பெட்ரோலில் புதியதைக் கலக்க வேண்டாம். நான் செய்த இரண்டாவது தப்பு அது. பழையது வார்னிஷ் வாடை அடிக்கும், டேங்கை முழுதாக வடிக்க வேண்டும். துருத் தூள் வந்தால் டேங்கைக் கழுவும் வரை அதைப் பயன்படுத்தாமல், ஒரு சின்னக் கேனிலிருந்து புது ஹோஸ் வழியாக பம்ப்புக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுத்து ஓடினால் கோளாறு கேனுக்குப் பின்னால், அதாவது டேங்கிலும் குழாயிலும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மைனரின் எஸ்யூ பம்ப் பேசும். சாவி போட்டதும் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் தட்டி, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லையா? அதன் பாயிண்டிலும் களிம்புதான். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் எழுந்தால் உறுதி. நிற்காமல் தட்டுகிறதா? கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறதா பாருங்கள். வழிந்தால் மிதவை ஊசி ஒட்டியிருக்கிறது. வழியவில்லை என்றால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, டேங்க் பக்கத்து இணைப்பைத் தேடுங்கள். நாலைந்து தட்டு தட்டி முக்கி முக்கி நின்றால் வழியில் அடைப்பு. கார்புரேட்டரின் உள் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள், ‘ணங்’ என்று விழ வேண்டும். மெதுவாக ஊர்ந்து இறங்கினால் கழற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம்.

ஒன்பதாவது நாள்

காரை வெளியே தள்ளுங்கள். மூடிய போர்ச்சில் புகை ஆளைக் கொல்லும். பத்து நொடி சுற்றியும் பற்றவில்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் இல்லை. இதைத் தாண்டிக் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

பற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் விளக்கு. ஐந்து நொடியில் அணையாவிட்டால் நிறுத்துங்கள். புகையைப் பற்றிப் பதற வேண்டாம். ஊற்றிய எண்ணெய் எரிந்து பத்து நிமிடம் நீலப் புகை வரத்தான் செய்யும். குழாயில் தேங்கிய ஈரம் வெள்ளையாக வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டரில் குமிழி வந்தால்தான் ஹெட் கேஸ்கெட். கறுப்புப் புகை என்றால் சோக் கம்பி ஒட்டியிருக்கும். மேலே ‘டிக் டிக்’ வால்வு இடைவெளி, அதோடு வாழலாம். அடியிலிருந்து ‘டொக் டொக்’ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே அந்தக் கழுவுகிற ஆயிலை வடித்து நல்ல ஆயில் ஊற்றினோம். மறுநாள் கம்ப்ரெஷன் மறுபடி எடுத்தபோது மூன்றாம் சிலிண்டர் 95. ஒரு வாரம் தினமும் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்ட பிறகு 110. ஹெட்டை இறக்கவே இல்லை.

கியர் போட்டால் ‘கறகற’வென்று மறுத்தது. அது எஞ்சின் இல்லை, கிளட்ச் தட்டு ஒட்டியிருந்தது. பெடலை ஒரு கட்டையால் அழுத்தி இரவு முழுக்க வைத்ததில் விட்டது.

மாமா பிரம்பு நாற்காலியைப் போர்ச்சுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பினாங்குப் பாலம் திறக்கும் முன்பு, ஃபெரியில் ஏற்றி பட்டர்வொர்த்துக்கு அவர் ஓட்டிப் போன கார் அது.

“எப்படா ரோட்டுக்கு?”

“பிரேக் இன்னும் பாக்கல மாமா. ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் இல்ல.”

“அப்போ ஹாரனையாவது அடி.”

அடித்தேன். வேலை செய்யவில்லை. அதுவும் களிம்புதான்.